சமாதானம் கேட்டு வந்தவர்

வாசலில் வண்டி நின்று நாலைந்து நிமிஷமாகியும் ஆள் உள்ளே வரவில்லை என்றால், வந்திருப்பது இஸ்பிராண்ட் லோவன் என்று தெரிந்துகொள்ளலாம். பூட்ஸில் அப்பிய களிமண்ணைப் படி ஓரத்தில் தேய்த்துக்கொண்டிருப்பார். பனி உருகும் மாதத்தில் எங்கள் கரிசல் லேசில் விடாது. குச்சி ஒன்றைப் பொறுக்கி வலது காலைச் சுரண்டி, இடது காலைச் சுரண்டி, கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கோட்டுப் பையில் போட்டுக்கொள்வார். பிறகு கதவைத் தட்ட மாட்டார், இருமுவார்.

கடிகாரம் ஏன் பைக்குள் போகிறது என்று ஒருமுறை கேட்டேன். "கையில இருந்தா கண்ணு அங்க போகும் வாத்தியாரே. இவரு கெளம்பறதுக்கு அவசரப்படுறாருன்னு நெனச்சு, வீட்டுக்காரங்க சுருக்கமா பதில் சொல்லிருவாங்க," என்றார்.

எங்கள் ஷோன்டால் சபைக்கு இருபத்தோரு வருஷம் அவர்தான் உதவிக்காரர். வசந்தத்தில் ஒருமுறை, அறுவடை முடிந்து ஒருமுறை, திருவிருந்துக்கு முன்னால் அங்கத்தினர் ஒவ்வொருவரையும் நேரில் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும். "கடவுளோடயும் சபையோடயும் சமாதானமா இருக்கீங்களா?" எல்லோரும் ஆம் என்றால் அடுத்த ஞாயிறு திருவிருந்து. ஒருவர் இல்லை என்றாலும், அந்த மனத்தாங்கல் தீரும்வரை அப்பமும் இல்லை, திராட்சை ரசமும் இல்லை. மூப்பரே நினைத்தாலும் நடத்த முடியாது.

கேள்வியை எடுத்த எடுப்பில் கேட்க மாட்டார். முதலில் ஆற்றில் தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பார். பிறகு மாடு கன்று போட்டதா என்பார். மூன்றாவதாகத்தான் தொப்பியைக் கழற்றுவார். பதில் வரும்வரை உட்காரவும் மாட்டார், காப்பியைத் தொடவும் மாட்டார். காப்பி ஆறிப் போய், இரண்டாவது முறை சுடவைத்து, அதுவும் ஆறிய வீடுகள் உண்டு. எங்கள் ஊரில் பேச்சென்றால் கூடவே சூரியகாந்தி விதையும் கொறிபடும். தோலைக் கண்ட இடத்தில் துப்புவோம். அவர் மட்டும் தோலையெல்லாம் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். சலவை நாளில் அவர் மனைவி ஹெலெனா அந்தப் பையைக் கவிழ்த்து உதறிக்கொண்டே, "ஊர்ச் சண்டை மொத்தமும் இதுக்குள்ளதான் இருக்கு," என்று திட்டுவாள்.

கிழக்குத் தெருவில் ஒரு விதவையம்மாள் ஒருமுறை, "எல்லார்கூடவும் சமாதானந்தான். அடுத்த வீட்டு நாயோட மட்டும் இல்ல. பரவாயில்லையா?" என்று கேட்டிருக்கிறாள்.

"நாய் அங்கத்தினர் இல்லம்மா. நாய்க்காரர் அங்கத்தினர். அவரோட எப்படி?"

மறுநாள் காலை இஸ்பிராண்ட் கம்பிச் சுருளோடு வந்து இரண்டு வீட்டுக்கும் நடுவே வேலி அடித்தார். நாய்க்காரரையே கம்பத்தைப் பிடித்துக்கொள்ள வைத்தார். மூன்றாம் நாள் மறுபடி வந்து அதே இடத்தில் நின்று, ஆற்றில் தண்ணீர் எவ்வளவு என்று முதலிலிருந்து ஆரம்பித்தார்.

அந்தச் சுற்றில் அவர் நிற்காமல் போகும் வீடு ஒன்றுதான். மேற்குச் சாலை வளைவில் இருக்கும் கொர்னேலியஸ் ஹார்டரின் வீடு. நிற்க வேண்டிய கட்டாயமும் இல்லை. எங்களில் யாரும் பிறப்பால் அங்கத்தினர் ஆவதில்லை. வயது வந்து, தானாகக் கேட்டு, சபை முன்னால் நின்று சொல்லி, ஞானஸ்நானம் வாங்கினால்தான் உண்டு. அப்படிச் சேர்த்துக்கொண்ட சபைதான் நீக்கவும் செய்யும். இருபத்து மூன்று வருஷத்துக்கு முன்னால் கொர்னேலியஸின் பெயரை நீக்கினோம். அன்றும் சபைக் கூட்டத்தில் குறிப்பு எழுதியவன் நான்தான்.

அவர் செய்த குற்றம், சபைச் சகோதரன்மேல் கோர்ட்டுக்குப் போனது. அந்த வருஷம் உருகிய பனித்தண்ணீர் சாலைக்கு அடியில் போகும் குழாயில் இறங்காமல் திரும்பி, அவர் தொழுவத்துக்குள் ஏறியது. பதினொரு கன்றுகள் செத்தன. குழாய்க்கு அந்தப் பக்கம் ஆபிரகாம் க்ரோக்கரின் நிலம். விதைக்கத் தயாராக வைத்திருந்த தன் வயலில் தண்ணீர் வந்துவிடக் கூடாதென்று ஆபிரகாம்தான் குழாயை அடைத்தார் என்றார் கொர்னேலியஸ். ஆபிரகாம் இல்லை என்றார். அப்போதிருந்த மூப்பர் சபையைக் கூட்டி, "யாருக்காவது ஏதாவது தெரியுமா?" என்று மூன்று தடவை கேட்டார். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. கொர்னேலியஸ் நகரத்துக்குப் போய் வக்கீல் வைத்தார். வழக்கைத் திரும்பப் பெறச் சொன்னோம், மறுத்தார். பெயரை நீக்கினோம். சாட்சி இல்லாமல் வழக்கும் தோற்றது.

ஆனாலும் மனிதர் ஒரு ஞாயிறு தவறவில்லை. கடைசிப் பெஞ்சில் தனியாக உட்கார்ந்து எங்களோடு பாடுவார். திருவிருந்து ஞாயிறுகளில் பிரசங்கம் முடிந்ததும் எழுந்துபோய்த் தன் காரில் உட்கார்ந்துகொள்வார்.

போன வசந்தத்தில் இஸ்பிராண்ட் வண்டியில் அந்த வளைவைக் கடந்தபோது கொர்னேலியஸ் தபால் பெட்டி ஓரமாக நின்றிருந்தார். பள்ளம் காரணமாக வண்டி மெதுவாகத்தான் போனது. கொர்னேலியஸ் கையைக் காட்டி நிறுத்தினார்.

"என்ன இஸ்பிராண்ட், சமாதானம் கேட்டுக் கெளம்பிட்டியா?"

"ஆமா."

"ஊர்ல நாய்க்கும் வேலிக்கும்கூட சமாதானம் பண்ணி வச்சியாம். எங்கிட்ட மட்டும் இருபத்தி மூணு வருஷமா யாரும் கேக்கல. சும்மா ஒரு பேச்சுக்குக் கேளேன், பாப்போம்."

இஸ்பிராண்ட் தொப்பியைத் தொட்டார், கழற்றவில்லை. கொர்னேலியஸ் சிரித்துவிட்டு, "சரி போ, அடுத்த வீட்ல காப்பி ஆறிரும்," என்று தபாலை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அந்தச் சனிக்கிழமை மதியம், ஞாயிற்றுக்காக இரட்டையடுக்கு பன்னுக்கு மாவு உருட்டிக்கொண்டிருந்த ஹெலெனாவிடம் இஸ்பிராண்ட் விஷயத்தைச் சொன்னார். ஹெலெனா, ஆபிரகாம் க்ரோக்கரின் தங்கை. அவளே பிற்பாடு எனக்குச் சொன்னதுதான் இது.

"குழாயை அடச்சது உங்கண்ணன்தான். நான் பாத்தேன்," என்றாராம்.

மாவிலிருந்து கையை எடுக்காமல் அவள் கேட்டாள்: "எங்கண்ணன் செத்து மூணு வருஷம் ஆச்சு. செத்தவன் பேர இப்ப எதுக்கு சபையில இழுக்கணும்?"

"செத்தவன் பேர இல்ல ஹெலெனா. என் பேர."

"ரெண்டும் ஒண்ணுதான். உங்களுக்குக் கால் ஒடஞ்சப்ப நம்ம நெலம் பூராவும் உழுது குடுத்தது யாரு?"

"அவன்தான். அதனாலதான் வாயைத் திறக்கல."

அதற்குமேல் அவள் பேசவில்லை. ஆறு வாரம் பேசவில்லை. சமைத்தாள், துணி துவைத்தாள், சட்டைப் பையை உதறினாள், திட்டக்கூட இல்லை.

மறுநாள் ஆராதனைக்குப் பின் அங்கத்தினர் கூட்டம். உதவிக்காரர் முன்னால் வந்து, எல்லோரையும் சந்தித்தேன், சபை சமாதானத்தோடு திருவிருந்தை விரும்புகிறது என்று அறிக்கை சொல்வது வழக்கம். அரை நிமிஷ வேலை. நான் அதைப் பாதி எழுதியே வைத்திருந்தேன்.

"நூத்தி நாப்பத்திரெண்டு பேர்கிட்ட கேள்வி கேட்டாச்சு," என்றார் இஸ்பிராண்ட். "நூத்தி நாப்பத்தொரு பேர் சமாதானம்னு சொன்னாங்க. ஒருத்தர் சொல்லல."

மூப்பர் கெர்ஹார்ட் ரெய்மர் நிமிர்ந்து பார்த்தார். "யாரு அது?"

"நான்தான்."

பிறகு நின்றபடியே சொன்னார். அந்த வருஷம் விடியற்காலையில் மாவு மில்லுக்குப் போகும் வழியில், ஆபிரகாம் குழாய் வாயில் வைக்கோல் கட்டுகளையும் சாக்குகளையும் திணித்துக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறார். "என்னப் பாத்துக் கையத் தூக்குனான். நானும் தூக்குனேன். அவ்வளவுதான். மூப்பர் மூணு தடவ கேட்டாரு. மூணு தடவயும் நான் முன்னால இருந்த பெஞ்சோட ஆணிய எண்ணிக்கிட்டு இருந்தேன். ரெண்டு வருஷம் கழிச்சு நீங்கல்லாம் ஓட்டுப் போட்டு என்ன உதவிக்காரனா வச்சீங்க. அன்னைக்காவது சொல்லிருக்கணும். என் பேர அங்கத்தினர் புத்தகத்துல இருந்து எடுத்துருங்க."

"அத நீங்களா முடிவு பண்ண முடியாது," என்றார் மூப்பர். "பேர எழுதுனதும் சபை. எடுக்கறதா வேண்டாமாங்கறதும் சபைதான் சொல்லணும்."

அந்த வசந்தத்தில் எங்களுக்குத் திருவிருந்து இல்லை. என் நாற்பது வருஷக் குறிப்பில் அப்படி ஒரு வசந்தம் கிடையாது. அடுத்தடுத்து மூன்று கூட்டம் நடந்தது. இஸ்பிராண்ட் அங்கத்தினராக இருக்கட்டும், பொறுப்பு மட்டும் வேண்டாம் என்று தீர்ந்தது. கொர்னேலியஸ் விஷயம்தான் யாருக்கும் பிடிபடவில்லை. நீக்கப்பட்டவர் திரும்ப வர வேண்டுமானால் சபை உட்கார்ந்திருக்க, அவர் முன்னால் நின்று தன் தப்பை ஒப்புக்கொள்ள வேண்டும். அதுதான் முறை.

மூப்பரும் நானும் போய் அவரைப் பார்த்தோம். கோழிக்கூட்டுக்கு வலை அடித்துக்கொண்டிருந்தார்.

"இஸ்பிராண்ட் வந்தானே," என்றார். "சொன்னான். நான் கதவச் சாத்திட்டேன். மறுநாளும் வந்தான். மறுபடியும் சாத்துனேன். மூணாவது நாள், கீல் வீணாப் போகுதுன்னு தெறந்தே வச்சிட்டேன்."

"மன்னிச்சிட்டீங்களா?" என்று நான் கேட்டேன்.

"வந்தான், உக்காந்தான், அழுதான். நான் ஒண்ணும் சொல்லல. சொல்றதுக்கு இன்னும் வரல." ஆணியை வாயிலிருந்து எடுத்து அடித்தார். "நீங்க என்ன சொல்லச் சொல்லி வந்திருக்கீங்க? கோர்ட்டுக்குப் போனது தப்புன்னா? சபைகிட்டதான் மொதல்ல வந்தேன். நூறு பேரு பெஞ்சுல உக்காந்துக்கிட்டுத் தரையப் பாத்தீங்க. இன்னொரு தடவ கன்னு செத்தா இன்னொரு தடவ போவேன். இதத்தான் முன்னால நின்னு சொல்லணும். சொல்லட்டுமா?"

மூப்பர் வலையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க நிக்க வேண்டாம்," என்றார் கடைசியில். "உக்காந்திருங்க. நாங்க நிக்கிறோம்."

"அத்தன பேருமா?" கொர்னேலியஸ் சுத்தியலைக் கீழே வைத்தார். "பாதிப் பேருக்கு முட்டிவலியாச்சே."

சபையில் இதைச் சொன்னதும் முணுமுணுப்பு எழுந்தது. முறை மாறுகிறதே என்றார்கள் சிலர். ஒவ்வொரு பெஞ்சாகக் கேட்டுக்கொண்டு வந்தார் மூப்பர். ஆண்கள் பக்கம் முடிந்தது. பெண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சில் ஹெலெனா கையைத் தூக்கினாள். ஒரு தலை மறுத்தாலும் காரியம் நின்றுவிடும். இஸ்பிராண்ட் திரும்பிப் பார்க்கவில்லை.

"எங்கண்ணன் செஞ்சது தப்பு," என்றாள். குரல் கடைசிப் பெஞ்சு வரை கேட்டது. "ஆனா அவன் கெட்டவன் இல்ல. மத்தவங்க நெலத்துக்கு எத்தன தடவ ஏர் கொண்டு போயிருக்கான். தப்ப எழுதுறீங்கள்ல? அதையும் எழுதுங்க. அப்புறம் எனக்குச் சம்மதம்."

"எழுதுங்க வாத்தியாரே," என்றார் மூப்பர்.

எழுதினேன். இரண்டையும் ஒரே பக்கத்தில், அவள் சொன்ன வரிசையிலேயே எழுதினேன். அன்று வீட்டுக்குப் போகும் வழியில் வண்டிக்குள் அவள் தன் கணவரிடம் முதல் வார்த்தை பேசினாளாம். "மெதுவாப் போங்க, பள்ளம் இருக்கு."

ஜூன் கடைசி ஞாயிறு. பிரசங்கம் முடிந்ததும் வழக்கப்படி எழுந்துபோகப் பார்த்த கொர்னேலியஸை, "இருங்க," என்றார் மூப்பர். முதலில் எழுந்தது ஹெலெனா. பிறகு பெஞ்சுகள் கிறீச்சிட, முட்டியைப் பிடித்துக்கொண்டும் பக்கத்திலிருப்பவர் தோளைப் பற்றிக்கொண்டும், நூற்று நாற்பத்திரண்டு பேரும் எழுந்து பின்பக்கமாகத் திரும்பி நின்றோம். கொர்னேலியஸ் மட்டும் உட்கார்ந்திருந்தார். "உங்களுக்குத் தெரிஞ்சத நாங்க கேக்கல. எங்களுக்குத் தெரிஞ்சத நாங்க சொல்லல. எங்கள மன்னிக்கணும்," என்றார் மூப்பர். இவ்வளவுதான் வாசகம். கொர்னேலியஸ் தலையை மட்டும் அசைத்தார். மூப்பர் பின்னால் நடந்துபோய்க் கைகொடுத்தார். கொர்னேலியஸின் பெயரை நான் அங்கத்தினர் புத்தகத்தில் மறுபடி எழுதினேன்.

எல்லோரும் உட்கார்ந்தோம். அப்பம் பிட்கும் முன் பாடும் பாட்டு ஆரம்பித்தது. அப்போதுதான் கவனித்தேன், இஸ்பிராண்ட் உட்காரவில்லை. முன்வரிசை, திருவிருந்து நேரத்தில் உதவிக்காரருக்கான இடம், இனி அவருடையதல்ல. மற்ற பெஞ்சுகளில் அவரவர் வழக்கமான இடம் நிறைந்திருந்தது. நடுவழியில் மெதுவாகப் பின்னால் நடந்துவந்து, கடைசிப் பெஞ்சின் ஓரத்தில் என்ன செய்வதென்று தெரியாதவராக நின்றார். கைகள் இரண்டும் தொங்கிக்கொண்டிருந்தன.

கொர்னேலியஸ் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பாட்டை நிறுத்தவுமில்லை. பக்கத்தில் பெஞ்சின்மேல் கிடந்த தன் தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.