மூன்று இறாத்தல் குறைந்த துவக்கு

போன வருசம் என்னுடைய வேட்டைத் துவக்கை என் மனைவி தூக்கிக்கொண்டு வந்தார்.

இதை நான் உங்களுக்குச் சொல்லியிருக்கத் தேவையில்லை. ஆனால் அதை நேரில் பார்த்த ஒருவருக்கு வாய் சும்மா இருக்காது. அவர் சொல்லி நீங்கள் கேள்விப்படுவதைவிட, நானே எழுதிவிடுவது எனக்குக் கொஞ்சம் மரியாதை.

மான் வேட்டை. ரொறன்ரோவுக்கு வடக்கே, வாகனத்தை விட்டுவிட்டுக் காட்டுக்குள் நல்ல நடை நடக்கவேண்டும். பாதி வழியில் ஒரு மேடு. என் தோளில் ஒன்பது இறாத்தல் துவக்கு, நாலு கிலோவுக்கு மேல் — வால்நட் மரப்பிடி, நீளமான குழல், அதன்மேல் சந்திரனில் பள்ளம் பார்க்கக்கூடிய ஒரு ஸ்கோப். துப்பாக்கிக் கடையில் அதைத் தோளில் வைத்துக் கண்ணாடியில் பார்த்தபோது ஒரு ஜமீன்தார் தெரிந்தார். மேட்டில் அந்த ஜமீன்தார் சப்பாத்து நூல் கட்டுகிற சாட்டில் திரும்பத் திரும்பக் குந்தினார்...

முன்னே போய்க்கொண்டிருந்த என் மனைவி வதனி திரும்பி வந்தார். துவக்கில் குண்டு இல்லையென்று பார்த்தார். தன்னுடைய துவக்கு ஒரு தோளில், என்னுடையது மற்றத் தோளில். நடந்தார். இரண்டு வார்த்தை திட்டிவிட்டு நடந்திருக்கலாம்.

எங்களோடு வந்த மூன்றாவது ஆள் அன்ரன் அண்ணை. மன்னார்க்காரர். எங்கள் வேட்டைக் குழுவுக்கு யாரும் தெரிவுசெய்யாத தலைவர். ரொறன்ரோ திரும்பியபின், வோபர்ன் பக்கத்தில் ஒரு தேநீர்க்கடையில், மட்டன் ரோலைக் கடித்தபடி தீர்ப்புச் சொன்னார்.

"தம்பி, அடுத்த வருசத்துக்கு ஒரு சட்டம். தன்ர துவக்கைத் தானே தூக்க ஏலாதவர் ரென்ரில நிண்டு சமைக்கட்டும்."

"அண்ணை, பகிடியை விடுங்கோ."

"பகிடிக்குத்தான் சொல்லுறன். ஆனா சட்டம் சட்டம்தான்."

உங்களுக்குச் சிரிப்பு வரலாம். எனக்கு வரவில்லை. நான் இலங்கையில் வளர்ந்த காலத்தில் துவக்கு எப்போதும் மற்றவன் தோளில்தான் இருந்தது. நாங்கள் அடையாள அட்டையை நீட்டுகிற பக்கம். அப்படிப்பட்டவன் இந்த நாட்டில் வகுப்புக்குப் போய், சோதனை எழுதி, பாஸ் பண்ணினேன். பொலிஸ் என் வரலாற்றை அலசிப் பார்த்து, 'இந்த மனிதருக்குக் கொடுக்கலாம்' என்று ஒரு லைசென்ஸ் அனுப்பியிருக்கிறது. அதை வைத்துக்கொண்டு நான் காட்டுக்குள் கூடாரத்தில் இருந்து வெங்காயம் உரிக்கவா?

பாரம் குறைந்த துவக்கு ஒன்று வாங்குவதென்று முடிவெடுத்தேன்.

அது ஒரு தனிப் படிப்பு. குழலைக் கட்டையாக எடுத்தால் எடை குறையும், சத்தம் கூடும். மரப்பிடிக்குப் பதில் கார்பன் பைபர் என்றால் இன்னும் குறையும், ஆனால் துவக்கு குடைக்கம்பி மாதிரி இருக்கும். ஸ்கோப்பைச் சிறிதாக்கலாம். சந்திரன் தெரியாது, மான் தெரியும். எல்லாவற்றையும் குறைத்துக்கொண்டே போனால் ஒன்று மட்டும் கூடிக்கொண்டே வரும் — சுடும்போது வருகிற உதை. பாரமான துவக்கு உதையில் பாதியைத் தானே விழுங்கும். மெல்லியது முழுவதையும் உங்கள் தோளுக்கு அனுப்பிவைக்கும்.

குளிர்காலம் முழுக்கக் காணொளிகள் பார்த்தேன். பிறகு பிக்கரிங் பக்கம் ஒரு கடைக்குப் போனோம். அட்டையில் எழுதியிருக்கிற எடையை நம்புகிற ஆளா நான்? ஜாக்கெட்டுக்குள் இருந்து எங்கள் வீட்டுக் கைத்தராசை எடுத்தேன். உங்கள் வீட்டிலும் இருக்கும் — விமானம் ஏறுமுன் சூட்கேஸைக் கொழுவித் தூக்கிப் பார்ப்போமே, அதே தராசு. ஒவ்வொரு துவக்காக வாரில் கொழுவித் தூக்கினேன். வதனி தூண்டில்கள் இருக்கிற பக்கம் போய், என்னைத் தெரியாத மாதிரி நின்றார்.

கடைக்காரர் ஆர்வமாக, "இந்தத் தராசு எதற்கு?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"சிறிலங்காவுக்குப் போகும்போது பாவிக்கிறது" என்றேன்.

அவர் தராசைப் பார்த்தார். அதில் தொங்கிய துவக்கைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வதனி ஓடி வந்து சூட்கேஸ் விசயத்தை விளக்கியிராவிட்டால், இந்த வாரப் பத்தியை நான் வேறு இடத்திலிருந்து எழுதவேண்டி வந்திருக்கும்.

கடைசியில் ஒன்று அகப்பட்டது. ஸ்கோப்போடு சேர்த்து ஆறு இறாத்தல். பழையதைவிட முழுதாக மூன்று இறாத்தல் குறைவு! வதனி வாங்கித் தோளில் வைத்துப் பார்த்தார்.

"உது நல்லா உதைக்கும்."

"உதைக்கட்டும்."

உதைத்தது. கோடை முழுவதும் சுடுதளத்தில் பழகினேன். என் தோள் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தது. விசையை அழுத்துமுன் கண்ணை இறுக்கி மூடுகிற பழக்கம் ஒருவழியாகப் போனது.

போன மாதம் பயணம். மூட்டை கட்டுகிறபோதுதான் அந்தத் தவறு நடந்தது. பையையும் அதே தராசில் கொழுவினேன். துவக்கில் மிஞ்சிய மூன்று இறாத்தல் கையில் இருக்கிறது... விமான நிலையத்தில் அரைக் கிலோவையாவது விட்டுக்கொடுத்த தமிழரை நீங்கள் கண்டதுண்டா? பாரம் குறைந்தால் நாங்கள் நிம்மதி அடைவதில்லை, இடம் கிடைத்ததென்று சந்தோசப்படுகிறோம். குத்தரிசி வைத்தேன். இடிச்ச சம்பல் வைத்தேன். கருவாடு. கருவாட்டைப் பொரிக்க இரும்புத் தாச்சி. கடைசியில் போன வருசத்தைவிடப் பாரம்.

அதே மேடு. அதே மூச்சு. வதனி மேலே நின்று கையை நீட்டினார். அன்ரன் அண்ணை குருவி பார்ப்பதுபோல் மரத்தைப் பார்த்தபடி, காதை மட்டும் எங்கள் பக்கம் வைத்திருந்தார்.

"கொண்டாங்கோ."

"வேண்டாம். நான் தூக்குவன்." துவக்கின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"ஐயோ, துவக்கை ஆர் கேட்டது? தாச்சியைத் தாங்கோ."

நான் அன்ரன் அண்ணையைப் பார்த்தேன். அவர் மரத்திலிருந்து கண்ணை எடுத்தார்.

"சட்டத்தில தாச்சியைப் பற்றி ஒண்டும் இல்லை" என்றார்.

கூடாரம் போடுகிற இடம்வரை துவக்கு என் தோளில்தான் இருந்தது.

அடுத்த நாள் விடியற்காலை. புல்லெல்லாம் உறைபனி. தேவதாரு மரங்களுக்கு நடுவிலிருந்து ஒரு ஆண் மான் வந்து, பக்கம் காட்டி நின்றது. போன வருசமென்றால் களைத்த கை ஆடியிருக்கும். இந்த முறை ஆடவில்லை. கண்ணையும் மூடவில்லை. ஒரே வெடி. மான் நின்ற இடத்திலேயே விழுந்தது. துவக்கு உதைத்திருக்கவேண்டும்... எனக்குத் தெரியவில்லை.

அன்ரன் அண்ணை வந்து பார்த்தார். ஒறேஞ் நிற வேட்டைத் தொப்பியைக் கழற்றிவிட்டு என் கையைப் பிடித்தார்.

"நல்ல வெடி, தம்பி."

இத்தனை வருசப் பழக்கத்தில் அவர் என்னிடம் 'நல்ல' என்று தொடங்கிப் பேசிய முதல் வசனம் அது. அன்றைக்கு ரென்ரில் சமைத்தவரும் அவர்தான். கறியில் உப்பு இல்லை. நான் இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டேன். வெற்றி பெற்றவனுக்குக் கொஞ்சம் பெருந்தன்மை வேண்டும்.

மானைத் துண்டுபோட்டுப் பைகளில் கட்டி, அவ்வளவு தூரம் எப்படி வாகனத்துக்குக் கொண்டுவந்தோம் என்று கேட்பீர்கள். சுருக்கமாகச் சொல்கிறேன் — வந்து சேர்ந்தது. என் துவக்கில் ஒரு கீறல்கூட இல்லை.

போன ஞாயிறு யூனியன்வில்லில், வதனியின் தங்கை வீட்டில் மான் இறைச்சிக் கறி. நான் கதையை மூன்றாவது முறை, கைகால் அசைவுகளோடு சொல்லிக்கொண்டிருந்தேன். தங்கைக்காரி வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்.

"உண்மையாவோ அத்தான்? போகேக்கையும் வரேக்கையும் நீங்களே தூக்கினனீங்கள்?"

"ஓம்" என்று நெஞ்சை நிமிர்த்தினேன்.

குசினிக்குள் கறியைக் கிண்டிக்கொண்டிருந்த வதனி திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்:

"ஓமடி, துவக்கை அவர்தான் தூக்கினவர். மானை நான் தூக்கினனான்."