இடப்பக்கத்து ஆள்

குகதாசன் பஸ்ஸில் யன்னலோர இருக்கையை வெறுமையாக விடத் தொடங்கியது 1986 இலையுதிர்காலத்தில். மனைவி சந்திரமதி அதில் உட்காரப் போனபோது கையைப் பிடித்து நிறுத்தினான்.

"அதிலை இருக்காதையும்."

"ஏனப்பா? ஆர் இருக்கினம்?"

அவன் வெளியே பார்த்தான்.

சுவிஸின் பீல் நகரத் தொழிற்சாலையொன்றில் கைக்கடிகாரக் கூடுகளை மினுக்குவது அவன் வேலை. பேய்க்கதை சொல்பவர்களை வாய்விட்டுச் சிரித்துக் கேலி செய்கிறவன். அதனால்தான் ஒரு ஞாயிறு மத்தியானம், சோற்றில் கை வைத்தபடி அவன் சொன்னது அவளை உலுக்கிவிட்டது.

"என்ரை இடப்பக்கத்திலை ஒரு ஆள் நிக்கிறார். திரும்பினா அவரும் பின்னாலை போயிடுவார். மூச்சு மட்டும் காதிலை படுது."

வேண்டாமென்று நினைத்தும் அவள் அந்தப் பக்கம் பார்த்தாள். சுவர்தான் இருந்தது. திருநீறு பூசிவிட்டாள். கொஞ்ச நாளாய் இருந்த தலையிடியும் காலை வாந்தியும் நிற்கவில்லை. மார்கழியில் வேலையிடத்தில் வலிப்பு வந்து விழுந்தான்.

பேர்ன் ஆஸ்பத்திரியில் மண்டையைத் திறந்தார்கள். டொக்டர் ஜெர்மனில் சொன்னதை, அவர்களுக்குத் தெரிந்த ஹோட்டல் சமையற்காரன் யோசப் தமிழாக்கினான்.

"அக்கா, மூளையைச் சுத்தியிருக்கிற சவ்வு கரி பூசின மாதிரிக் கிடந்ததாம். இது வழமையாத் தோலிலை வாற கறுப்புப் புற்றுநோயாம்."

பிறகு அவன் உடம்பு முழுவதும் தேடினார்கள். உள்ளங்கால், விரலிடுக்கு, கண்ணின் உள்பக்கம். ஒரு கறுப்புப் புள்ளிகூட இல்லை. அது வேறெங்கிருந்தும் வரவில்லை, அந்தச் சவ்விலேயே பிறந்திருக்கிறது என்றார் டொக்டர். அவர் அப்படியொன்றைக் கண்டது அதுதான் முதல் தடவை.

சத்திரசிகிச்சைக்குப் பிறகு இடப்பக்கத்து ஆள் போய்விட்டார். கதிர்ச் சிகிச்சை முடிந்த கோடையில் குகதாசன் பழைய சைக்கிளொன்று வாங்கி, ஏரிக்கரையில் அவளுக்கு ஓடப் பழக்கினான். பின்னால் பிடித்துக்கொண்டு ஓடி வந்தவன் ஒருநாள் கையை விட்டான். அவள் சறுக்கி இறங்கித் திரும்பிப் பார்த்தாள்.

"இப்ப வலப்பக்கத்திலை நிக்கிறார்," என்றான்.

ஸ்கான் படத்தில் புதிதாக ஒன்றும் தெரியவில்லை என்றார்கள். கால்கள் சோர்ந்த பிறகு எடுத்த படத்தில், முள்ளந்தண்டுவரை சவ்வு நெடுக நோய் பரவியிருந்தது.

கட்டிலருகே அவள் குனிந்து கேட்டாள். "அந்த ஆள் ஆரெண்டு தெரியுமோ?"

"ஓம். அவன் என்னைப் போலைதான் மூச்சு விடுறான்."

முன்பு 'அவர்' என்றவன் இப்போது 'அவன்' என்றதை அவள் கவனித்தாள். மாசியில் குகதாசன் இறந்துபோனான்.

சவ்வின் ஒரு துண்டைப் படிப்புக்காக வைத்திருக்க டொக்டர் அனுமதி கேட்டார். அவள் சம்மதித்தாள். ஆனால் அதைத் தனக்குக் காட்டவேண்டுமென்றாள். கண்ணாடித் தகட்டை நுணுக்குக்காட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். கபிலமும் கறுப்புமாய்ச் சின்னச் சின்னப் பொட்டுகள். அவள் வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

"இவ்வளவுதானோ?" என்றாள் கடைசியில்.

அவள் என்ன சொன்னாள் என்று டொக்டர் யோசப்பிடம் கேட்டார். யோசப் அதை ஜெர்மனில் சொல்லவில்லை.