சாவியை எடுத்த பிறகும் ஓடிய வான்

எனக்குப் பத்து வயதாக இருக்கும்போது அப்பா கட்டாரிலிருந்து வந்து, இனிப் போகமாட்டேன் என்று அறிவித்துவிட்டு ஒரு பழைய டீசல் வானை வாங்கினார். பின் சீற்றுகளைக் கழற்றிக் கட்டில், காஸ் அடுப்பு, சின்ன அலுமாரி எல்லாம் பொருத்திப் பூட்டினார். உப்புவெளிக் கடற்கரைக்கு வருகிற வெள்ளைக்காரர் அதிலேயே சமைத்து, அதிலேயே படுத்துக் கரையோரமெல்லாம் சுற்றுவார்களாம்.

"வேலியில போன ஓணானப் பிடிச்சு மடிக்குள்ள விட்ட கதை" என்றார் அம்மா.

அப்பாவின் கட்டார் விசா முடிய இன்னும் இரண்டு மாதம் இருந்தது. வான் ஓடாவிட்டால் திரும்பிப் போகத்தான் வேண்டும். இதை அம்மா ஒரு நாளைக்கு இரண்டு தரமாவது ஞாபகப்படுத்துவார். அப்பா போய்த் தொலைந்தால் போதும் என்று அவர் நினைப்பதாக நான் நம்பினேன். அம்மாமேல் எனக்கு அப்படியொரு கோபம்.

வானோ நீலமாகப் புகைத்தது. கராஜ் வைத்திருந்த மாமா, அம்மாவின் அண்ணன், பின்னால் குந்தியிருந்து புகையை மணந்து பார்த்தார்.

"கறுப்பெண்டா டீசல் கூட எண்டு விடலாம், மச்சான். நீலமெண்டா ஒயில் எரியுது. எஞ்சின் தேஞ்சு போச்சு. ஒயில் குறையாமப் பாத்தா கொஞ்சக் காலம் ஓடும். குறைஞ்சுதோ, இறுகிப்போம்."

"உன்ர தங்கச்சிக்குச் சொல்லிப்போடாதை" என்றார் அப்பா. பக்கத்தில் நின்ற என்னையும் பார்த்து உதட்டில் விரல் வைத்தார். ரகசியம் காப்பதில் எங்கள் குடும்பத்தை அடிக்க ஆளில்லை.

முதல் பயணம் ஒரு பள்ளிக்கூட நாளில் அமைந்தது. வயதான வெள்ளைக்காரத் தம்பதி பைகளோடு வந்து வாசலில் நின்றார்கள். முதல் நாள் பின்னேரமே அப்பா ஒயிலை அளவுக்கோட்டுக்கு ஊற்றி வைத்திருந்தார். அது எனக்குத் தெரியாது. காலையில், வெள்ளைச் சட்டை போட்டபின், யாரும் பார்க்காத நேரம் எஞ்சினுக்கு மேலிருந்த முன் சீற்றைத் தூக்கி, அலுமாரியில் இருந்த ஒயில் போத்தல் முழுவதையும் ஊற்றினேன். இன்றைக்கு ஒருநாள் ஒழுங்காக ஓடினால் அப்பா போகமாட்டார்.

சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்து, கற்பூரம் கொளுத்தி, மாமா தேங்காய் உடைத்தார். அப்பா சாவியைத் திருப்பினார்.

முதலில் வழக்கமான நீலப் புகைதான் வந்தது. பிறகு அது முற்றத்தையே மூடிற்று. எஞ்சின் உறுமத் தொடங்கியது. அப்பாவின் கால் எதையும் மிதிக்கவில்லை, ஆனாலும் சத்தம் ஏறிக்கொண்டே போனது. அப்பா சாவியை மறுபக்கம் திருப்பினார், நிற்கவில்லை. சாவியைப் பிடுங்கித் தூக்கிக் காட்டினார். சாவி கையில் இருக்க, வான் பேய் பிடித்ததுபோல அலறியது. வெள்ளைக்காரர் பைகளைப் போட்டுவிட்டு றோட்டுக்கு ஓடினார்கள்.

"காத்தை அடையுங்கோ! காத்துப் போகாட்டி நிக்கும்!" மாமா கத்திக்கொண்டே சீற்றைத் தூக்கிக் காற்றுக் குழாயைக் கழற்றினார்.

கிணற்றடியில் ஊறிக்கிடந்த சாக்கோடு ஓடிவந்தது அம்மா. அதை மடித்துக் குழாய் வாயில் வைத்து, காய் வெட்டும் குசினிப் பலகையால் அமத்திப் பிடித்தார். எஞ்சின் குலுங்கி, முக்கி, படாரென்று ஏதோ உடைகிற சத்தத்தோடு நின்றது.

மாமா அளவுக்கம்பியை இழுத்துப் பார்த்தார். "ஒயில் கழுத்துவரைக்கும் நிக்குது. மிச்சம் காத்துக் குழாயால ஏறியிருக்கு. டீசல் இல்லாமலே ஒயிலைக் குடிச்சு ஓடியிருக்கு. ஆர் ஊத்தினது?"

"நேற்று நான் கோட்டுக்குத்தான் ஊத்தினனான்" என்றார் அப்பா.

அம்மா தலையைக் குனிந்தார். "விடிய நானும் ஒரு போத்தல் ஊத்தினனான். புகையைப் பாத்தா எனக்குத் தெரியாதோ?"

அப்பா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒரு போத்தலுக்கு இவ்வளவு வராது" என்றார் மாமா.

அம்மாவின் கண் என் வெள்ளைச் சட்டையில் வந்து நின்றது. வயிற்றடியில் ஒரு பெரிய ஒயில் கறை. நான் புத்தகப் பையால் மறைத்தேன்.

"ரெண்டு போத்தல். ரெண்டும் நான்தான்" என்றார் அம்மா.

எஞ்சின் முடிந்துபோயிற்று. அடுத்த மாதம் அப்பா விமானம் ஏறினார். அவரை அனுப்பியது நான்தான் என்பதை யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் என் சட்டையில் கறை இல்லை. மண்ணெண்ணெய் மணம் மட்டும் இருந்தது. அம்மா தோய்த்திருப்பார் என்று நினைத்தேன்.

அதன்பின் அப்பா தொலைபேசியில் எப்போது அழைத்தாலும், "எங்க, ரெண்டு போத்தல்காரி நிக்கிறாவோ?" என்றுதான் கேட்பார். அம்மா சிரிப்பார். பாவம், என் பழியைச் சுமக்கிறாரே என்று நினைப்பேன்.

இந்த வருடம் அப்பா ஒரேயடியாக வந்துவிட்டார். வந்த கிழமையே அழுதுகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தேத்தண்ணியைக் கீழே வைத்தார்.

"மண்ணெண்ணெய் போட்டு அந்தச் சட்டையைத் தோய்ச்சது ஆர் எண்டு நினைச்சனி?"