சும்மா தட்டு

ஃபிலிமில் வரக்கூடாத இடத்தில் கறுப்புக் கோடு வந்திருந்தது. பழி என்மேல் விழுந்தது.

இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருடங்கள் ஆகியிருந்தன. திண்டுக்கல்லுக்கு வெளியே ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் பாட்டில் கழுவுவது என் வேலை. நாலாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. ஆனால் நான் கழுவிய கண்ணாடியில் தண்ணீர் துளித்துளியாக ஒட்டி நிற்காது. ஒரே படலமாக வழிந்து இறங்கும்; சுத்தத்துக்கு அதுதான் அடையாளம்.

ரெஜினா அங்கே ஆராய்ச்சி மாணவி, பக்கத்து எரியோடு ஊர்க்காரப் பெண். தட்டுகளில் செல் வளர்ப்பாள். செல்லுக்குள் கைனேஸ் என்று ஒரு புரதம் தூங்கிக் கிடக்குமாம். அதை எழுப்புகிற மருந்துக்கு ஆக்டிவேட்டர் என்று பெயர். கடுகில் பாதி அளவு தூளை டிஎம்எஸ்ஓ என்ற திரவத்தில் கரைத்து, தட்டுக்கு ஒரு சொட்டு விடுவாள். அரை மணியில் அது விழித்துவிடும். விழித்ததற்குச் சாட்சி, இருட்டறையில் கழுவி எடுக்கும் ஃபிலிமில் தெரியும் கறுப்புக் கோடு. கண்ணுக்குத் தெரியாத ஒன்றைக் கண்ணுக்குத் தெரியாத இன்னொன்று போய் எழுப்புகிறது. முதல் தடவை பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

டிஎம்எஸ்ஓ மட்டும் விட்ட தட்டும் ஒன்று உண்டு. மருந்து விட்டதோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு. அது கண்ட்ரோல். நாங்கள் அதைச் சும்மா தட்டு என்போம். அதில் கோடு வரக்கூடாது. மூன்று வாரமாக வந்துகொண்டிருந்தது.

"பாட்டில்ல சோப்பு நிக்கிது. பாக்கியம் இனிமே வராண்டா கூட்டட்டும்" என்றார் ஆய்வுக்கூடத்தின் தலைவரான சார், என்னைக் காட்டி.

"தண்ணி ஊத்திப் பாருங்க சார். ஒரு துளி ஒட்டுச்சுன்னா நானே வெளக்கமாத்த எடுத்துக்கிறேன்."

"சரி, அடுத்த ஃபிலிம் வரைக்கும் பாப்போம்."

மறுநாள் ரெஜினாவின் பக்கத்திலேயே நின்றேன். இன்குபேட்டரிலிருந்து எல்லாத் தட்டையும் ஒன்றாக எடுத்து மேஜையில் வைத்தாள். மருந்து விட்ட தட்டுகளில் ஒவ்வொன்றாகச் செல்லைச் சுரண்டி எடுத்தாள். சும்மா தட்டு கடைசிவரை ஏசிக் குளிரில் கிடந்தது.

"ஏம்மா, இது எம்புட்டு நேரமா வெளிய கெடக்கு?"

"அது சும்மா தட்டுதானக்கா."

"தூங்குற பச்சப்புள்ளயக் குளுருல போட்டா முழிச்சிக்கிறாதா?"

அவள் கை அப்படியே நின்றது. "குளுரும் எழுப்பிவிடும்க்கா. படிச்ச எனக்குத் தோணலையே" என்றாள்.

அடுத்த முறை ஒவ்வொரு தட்டாக வெளியே எடுத்தாள். எல்லாவற்றுக்கும் ஒரே நேரக் கணக்கு. சார் ஃபிலிமை டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்து, திருப்பியும் பார்த்தார்.

"பாக்கியம், இங்க வந்து பாருங்க" என்றார். அதற்குமுன் என்னை அவர் ஃபிலிம் பார்க்கக் கூப்பிட்டதில்லை.

மருந்து கொடுத்த தட்டையும் கொடுக்காத தட்டையும் ஒரே மாதிரி கவனிக்க வேண்டும். நான் கற்றது அதுதான். அன்று கறுப்புக் கோடு பளிச்சென்று இருந்தது. நான் பார்த்தது அதன் பக்கத்தில், சும்மா தட்டுக்குரிய, ஒன்றுமே விழாத தெளிந்த இடத்தை. அங்கே அது இன்னும் தூங்கிக்கொண்டிருந்தது.