தேதி கேட்ட கம்ப்யூட்டர்

பிள்ளைகளே, எண்பதுகளில் அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில், காலையில் கம்ப்யூட்டரைப் போட்டுவைப்பது என் வேலை. போட்டதும் அது அன்றைய தேதியைக் கேட்கும். ஒருநாள் சோம்பலில் கொடுக்காமல் விட்டேன். அது பழைய தேதியிலேயே ஓடியது.

அங்கே புரோகிராம் எழுதும் மல்லிகா அக்கா, சிமெண்ட் ஏற்றும் லாரிகளின் பட்டியல் போடும் தன் புரோகிராமில் ஒரு தப்பைத் திருத்தி, எழுதியதைக் கம்ப்யூட்டர் ஓட்டக்கூடிய வடிவில் தானாகவே கட்டித்தரும் கருவியை ஓட்டினார். தேதி பார்த்து, புதிதாகத் திருத்தியதை மட்டும் மறுபடி கட்டுவது அதன் கெட்டிக்காரத்தனம். அன்று திருத்தியதிலும் பழைய தேதியே பதிந்திருந்ததைக் கண்டு, எதுவும் மாறவில்லை என்று இருந்துவிட்டது. லாரிப் பட்டியல் மறுபடியும் தப்பாகவே வந்தது.

"திருத்திட்டேன்னு வாய் கூசாம சொல்றியேம்மா, கம்ப்யூட்டரா பொய் சொல்லும்?" என்றார் மேனேஜர்.

"சத்தியமா திருத்துனேன் சார்!" அக்கா அழுதார்.

திரையில் தேதியைப் பார்த்ததுமே எனக்குக் காரணம் புரிந்தது. வேலை போய்விடுமோ என்று வாயைத் திறக்கவில்லை. அந்த வாரமே அக்கா வேலையை விட்டார். "போயிட்டு வரேன் தம்பி" என்று என்னிடம்கூடச் சொல்லிக்கொண்டார்.

நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. பொய்க்காரி என்ற பேரோடு போனது அக்காதான்.