இனி வழியில் கூப்பிட மாட்டேன்!

போன மாதம் என் ஃபோனுக்கு ஒரு போட்டோ வந்தது. டிராஃபிக் போலீஸ் அனுப்பிய சலான். ஹைதராபாத் நேரேட்மெட் சிக்னலில் என் வீட்டுக்காரர் பைக்கில் நிற்கிறார். தலையில் ஹெல்மெட் இருக்கிறது. நம்பர் பிளேட் பளிச்சென்று தெரிகிறது. ஹெல்மெட்டுக்குக் கீழே, கழுத்தோரமாக ஒரு வெள்ளை ஒயர் தொங்குகிறது. காதில் இயர்ஃபோன் வைத்து வண்டி ஓட்டினாராம். அதற்கு அபராதம்!

எனக்கு வந்ததே கோபம்...

வாராவாரம் படிப்பவர்களுக்கு என் கோபம் புதிதில்லை. புதிதாக வந்தவர்களுக்கு மட்டும் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் கூட்ஸ் ரயில் ஓட்டுபவர். மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தவரை டியூட்டி முடிந்த ஐந்தாவது நிமிடம் வீட்டில் இருப்பார். பெண்ணின் ஸ்கூலுக்காகச் சைனிக்புரிப் பக்கம் குடிவந்தோம். இப்போது அரை மணி நேரம் பைக்கில் வரவேண்டும்.

அந்த அரை மணிதான் எங்கள் குடும்ப நேரம். இன்ஜினில் ஏறினால் ஃபோனை ஆஃப் செய்து தோள்பைக்குள் வைத்துவிட வேண்டும். கறாரான விதி. பத்து மணி நேரமோ பன்னிரண்டு மணி நேரமோ, மனிதர் எங்கே இருக்கிறார் என்றே தெரியாது. வீட்டுக்கு வந்தால் குளியல், சாப்பாடு, தூக்கம். எழுந்தால் அடுத்த டியூட்டி. பெண்டாட்டி எப்போதுதான் பேசுவது?

அதனால் டியூட்டி முடிந்து கையெழுத்துப் போட்டதும் ஃபோனை ஆன் செய்வார். பைக்கை ஸ்டார்ட் செய்வார். நான் கூப்பிடுவேன். காஸ் புக்கிங், ஸ்கூல் மீட்டிங், மேல் வீட்டுக்காரர் பாத்ரூம் ஒழுகி எங்கள் சுவர் ஊறுவது — எல்லாம் அந்த அரை மணியில் பேசித் தீர்ப்போம். எங்களைப் போன்ற ரயில்வே வீடுகளில் விசாரித்துப் பாருங்கள், பாதிப் பேர் இப்படித்தான்.

நான் வைத்த மறு நிமிடம் அவர் தங்கை மீனா கூப்பிடுவாள். அவளுக்குக் காஞ்சன்பாக்கில் ஒரு டிஃபென்ஸ் ஃபேக்டரியில் வேலை. அங்கேயும் ஃபோனை உள்ளே கொண்டுபோகக் கூடாது, கேட்டிலேயே கொடுத்துவிட்டுப் போக வேண்டும். ஷிஃப்ட் முடிந்து ஃபோன் கைக்கு வந்ததும் அண்ணன் ஞாபகம் வந்துவிடும். வேலை செய்யும் இடத்தில் ஃபோனைக் கண்ணால்கூடப் பார்க்காத இரண்டு பேர், நடுரோட்டில் கதை பேசுகிறார்கள்... அப்போது எனக்கு இது விசித்திரமாகவே படவில்லை.

சரி, சலானுக்கு வருகிறேன். வீட்டுக்காரர், "கட்டிட்டுப் போவோம், விடு" என்றார். நானா விடுவேன்? நேராக டிராஃபிக் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விட்டேன்.

இன்டர்நெட்டில் படித்துத் தயாராகத்தான் போனேன். சட்டத்தில் 'கையில் பிடிக்கும் கருவி' என்றுதான் இருக்கிறது. இவர் கை இரண்டும் ஹேண்டில்பாரில் இருப்பது உங்கள் போட்டோவிலேயே தெரிகிறதே! காதில் இருப்பது எப்படிக் கையில் இருப்பதாகும்? என் அரைகுறைத் தெலுங்கில் வெளுத்து வாங்கினேன்.

அங்கே இருந்த பெண் கான்ஸ்டபிள் பொறுமையாகக் கேட்டார். காதை அடைத்துக்கொண்டு ஓட்டினால் அதுவும் ஆபத்தாக ஓட்டுவதுதான், ஒப்புக்கொள்ளாவிட்டால் கோர்ட்டில் சொல்லுங்கள் என்றார். பிறகு போட்டோவை ஒருமுறை பார்த்துவிட்டு, "எவரித்தோ மாட்லாடுதுன்னாரு?" என்று கேட்டார். யாரோடு பேசிக்கொண்டிருந்தார்?

"என்னோடதான்" என்றேன், பெருமையாக.

"ஓட்டுகிறவருக்குத்தான் சலான் போட முடியும் அம்மா. கூப்பிடுகிறவருக்கும் போடலாம் என்று சட்டம் இருந்தால் முதலில் உங்களுக்குத்தான் போடுவேன்" என்றார் தெலுங்கில். பக்கத்து மேஜையில் இருந்தவர்கூடச் சிரித்துவிட்டார்.

அவமானம் பிடுங்கித் தின்றது. என்னை என்ன செய்யச் சொல்கிறீர்கள்? வாயை மூடிக்கொண்டு வருவதற்கு வேறு ஆளைப் பாருங்கள். திரும்பும் வழியில் மொபைல் கடைக்குள் நுழைந்தேன். ஒயர் தெரிந்ததால்தானே பிடித்தார்கள்? ஒயரே இல்லாதது கொடு என்றேன். கறுப்பில், மொச்சைக்கொட்டை அளவில் இரண்டு இயர்பட்ஸ் எடுத்துக் கொடுத்தார் கடைக்காரர். "வெளிச் சத்தம் ஒண்ணுகூடக் கேட்காது மேடம்... காதுக்குள்ள கச்சிதமா உட்கார்ந்துக்கும்" என்றார் உருதுவும் தெலுங்கும் கலந்து. அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டு வாங்கிய மகராசி நான்தான்.

மூன்று வாரம் ஜோராக ஓடியது. எந்த கேமராவுக்கும் சிக்கவில்லை. போலீஸையே ஜெயித்துவிட்ட மாதிரி எனக்கு ஒரு மிதப்பு.

இந்தச் செவ்வாய்க்கிழமை. மதியம் மூன்றரை மணி இருக்கும். வழக்கம் போலப் பேசிக்கொண்டிருந்தேன். மேல் வீட்டு பாத்ரூம் விவகாரம் சூடாகப் போய்க்கொண்டிருந்தது. அப்போது ஃபோனில் ஒரு ஹார்ன் சத்தம் கேட்டது. பெரிய வண்டி ஹார்ன். விட்டு விட்டு அடித்தது. பிறகு விடாமல் அடித்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? இந்தச் சத்தத்தில் நான் சொல்வது அவருக்குக் கேட்காதே என்று இன்னும் சத்தமாகப் பேசினேன்.

டமாரென்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு ரோட்டில் எதுவோ உராய்ந்துகொண்டே போகிற சத்தம்...

ஃபோன் கட் ஆகவில்லை. ஓடிவரும் காலடிச் சத்தம் கேட்டது. "உட்டோ பாய், உட்டோ" என்று யாரோ எழுந்திருக்கச் சொன்னது கேட்டது. நான் "ஏங்க... ஏங்க..." என்று கத்திக்கொண்டே இருந்தேன். இரண்டு நிமிடமோ மூன்று நிமிடமோ. என் வாழ்க்கையில் அப்படிப் பயந்ததில்லை. கடைசியில் அவர் குரல் வந்தது. "ஒண்ணுமில்லை. முழங்கைதான். பதறாதே."

ஆட்டோ பிடித்து ஓடினேன். தண்ணீர் டேங்கர் ஒன்று இடது பக்கச் சந்தில் திரும்பியிருக்கிறது. அடித்த ஹார்னெல்லாம் இவருக்காகத்தான். இவர் நகரவில்லை. டேங்கரின் பின்பக்கம் பைக் கண்ணாடியில் உரசித் தள்ளியதில், வீடு கட்டக் கொட்டியிருந்த மணலில் போய் விழுந்திருக்கிறார். மணல் இல்லாமல் இருந்திருந்தால்? அதை யோசிக்கவே எனக்குத் தைரியம் இல்லை.

கிளினிக்கில் முழங்கையில் தையல் போட்டார்கள். பக்கத்தில் நின்று கேட்டேன், "அத்தனை ஹார்ன் அடிச்சானே, உங்களுக்குக் கேட்கலையா?"

"நீ பேசினதுதான் கேட்டுது."

குற்றமாகச் சொல்லவில்லை. இருந்ததைச் சொன்னார். எனக்குத்தான் அங்கே நிற்க முடியவில்லை.

இதே மனிதர் இன்ஜினில் உட்கார்ந்தால் சிக்னல் வரும்போதெல்லாம் வாய்விட்டுச் சொல்வார். பக்கத்தில் இருக்கும் அசிஸ்டென்டும் அதைத் திருப்பிச் சொல்வார். இரண்டு பேர் கண்ணுக்கும் தெரிந்த சிக்னல்தான். இருந்தாலும் சொல்லியாக வேண்டும். தண்டவாளத்தில், குறுக்கே யாரும் வர உரிமையில்லாத வண்டிக்கு அத்தனை ஜாக்கிரதை! டேங்கரும் ஆட்டோவும் ராங் சைடில் வரும் பைக்கும் எருமையும் கலந்துகட்டி வருகிற ஹைதராபாத் ரோட்டில் இவர் தனியாள். கூட இருந்து சிக்னல் சொல்ல ஆளில்லை. பாத்ரூம் ஒழுகலைச் சொல்ல மட்டும் ஆள் உண்டு.

சட்டம் தெளிவாக இல்லை என்று இப்போதும் சொல்வேன். அந்த வாதத்தில் நான் தோற்கவில்லை. இயர்ஃபோன் என்று பெயர் சொல்லியே எழுதிவைக்க என்ன தயக்கம்? ஆனால் சட்டம் தெளிவாகிற வரைக்கும் டேங்கர் காத்திருக்காது. அதனால் நானே ஒரு சட்டம் போட்டேன். டியூட்டி முடிந்தால் அங்கேயே டீக்கடையில் நின்று பேச வேண்டியதைப் பேச வேண்டும். பிறகு ஃபோன் ஆஃப், தோள்பைக்குள். இயர்பட்ஸ் குப்பைத் தொட்டிக்குப் போய்விட்டது. வழியில் நான் கூப்பிட மாட்டேன். வேறு யாரையும் கூப்பிட விடவும் மாட்டேன்.

மீனாதான் முதலில் சண்டைக்கு வந்தாள். "என்ன அண்ணி, எங்க அண்ணன்கிட்ட நான் பேச உங்ககிட்ட பர்மிஷன் வாங்கணுமா?"

"ஆமா, வாங்கணும். உன் ஃபேக்டரி கேட்டுல ஃபோனைக் கொடுத்துட்டுப் போறே இல்லே? உங்க அண்ணன் பைக்கும் அப்படித்தான்னு வெச்சுக்கோ."

சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் எனக்குத் திமிர் என்று பேச்சு. இருக்கட்டுமே! அண்ணன் தங்கையைப் பிரித்தவள் என்று பேர் எடுத்தாலும் பரவாயில்லை. அந்த ஃபோனின் மறுமுனையில் உட்கார்ந்து உராய்வுச் சத்தத்தைக் கேட்டவள் நான், அவர்கள் இல்லை.

தையலோடு இவரும் சும்மா இருக்கவில்லை. சிக் லீவ் பேப்பர் கொடுக்க வேண்டும் என்று வெள்ளிக்கிழமை சாயங்காலம் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். போய்ச் சேர்ந்து, டீக்கடையிலிருந்து பேசினார். "கிளம்பறேன்" என்றார். அரை மணி ஆயிற்று. முக்கால் மணி ஆயிற்று. ஒரு மணி நேரமும் ஆயிற்று... ஆளைக் காணோம். ஃபோனைக் கையில் எடுத்தேன். வைத்தேன். மறுபடி எடுத்தேன். ஆஃப் ஆகியிருக்கும் என்று தெரியும். ஒருவேளை ஆன் செய்து வைத்திருந்தால்? ஒரே ஒரு ரிங் விட்டால் என்ன?

ஒன்பதாவது படிக்கும் என் பெண், நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமலே சொன்னாள். "ஃபோன் நக்கோ கரோ மம்மி." ஃபோன் பண்ணாதே என்கிறாள், ஹைதராபாத் பாஷையில்.

கூப்பிடவில்லை. ஃபோனை அவள் நோட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்தேன்.

"கிளம்பறேன்" என்று சொல்லி ஒன்றேகால் மணி நேரம் கழித்து பைக் சத்தம் கேட்டது. இறங்கி நிதானமாக ஹெல்மெட்டைக் கழற்றினார். "கிளம்பற நேரத்துல மீனா கூப்பிட்டா. நீ சொன்ன மாதிரி டீக்கடையிலேயே நின்னு பேசி முடிச்சிட்டுத்தான் வந்தேன்" என்றார், ஏதோ மெடல் வாங்கிவந்த மாதிரி.

முக்கால் மணி நேரமா? தங்கையோடா? நான் இங்கே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதா? பிடித்தேன் பாருங்கள் ஒரு சண்டை... மேல் வீட்டுக்காரர் பால்கனிக்கே வந்து எட்டிப் பார்த்தார்.

சண்டை போடுவதற்காவது மனுஷன் முழுசாக வீட்டுக்கு வர வேண்டாமா?