பாட்டிலுக்கு வராத சாயம்

"கிட்னி போச்சுய்யா. கத்தி வச்சா மேஜையிலேயே போயிருவாரு. வீட்டுக்கு அனுப்பு" என்றார் டாக்டர்.

இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்தைய காலம். உத்தமபாளையம் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நான் கம்பவுண்டர். லேப் வேலையும் என் தலையில்தான்.

நோயாளி, ஓடைப்பட்டியில் காடு உழுகிற சம்சாரி சின்னச்சாமி. மூத்திரப்பையில் கல். வலி வந்தால் துண்டைக் கடித்துக்கொண்டு உருளுவார். கல்லை எடுக்குமுன் சிறுநீரகம் தாங்குமா என்று பார்க்க வேண்டும். எங்களிடம் இரண்டு வழி இருந்தது.

பழைய வழியில், இரவு முழுக்கத் தண்ணீர் தராமல் காலையில் மூத்திரம் பிடித்து, மிதவையை விட்டு அடர்த்தி பார்ப்போம். நல்ல சிறுநீரகம் என்றால் மூத்திரம் கெட்டியாக இறங்கும். புது வழியில், ஊசியில் சாயம் ஏற்றி, இரண்டு மணி நேரத்தில் எவ்வளவு வெளியே வருகிறது என்று பார்ப்போம். பிடித்ததில் காஸ்டிக் சோடாக் காரம் விட்டால் சாயம் சிவக்கும். அந்தச் சிவப்பை அளவுக் குழாய்களோடு ஒப்பிட வேண்டும்.

முதல் நாள் மிதவை நல்லது என்றது. மறுநாள் சாயம் பாதிக்கு மேல் வர வேண்டியது, பத்தில் ஒரு பங்குகூட வரவில்லை. டாக்டர் புதுசை நம்பினார். எனக்கு எரிச்சல். ஒரே உடம்பு இரண்டு பதில் சொல்லுமா?

சின்னச்சாமியின் மனைவி மூட்டை கட்டத் தொடங்கிவிட்டாள். நான் குழாய் கழுவப் பின்பக்கம் போனேன். போன வாரம் சுண்ணாம்பு அடித்த சுவரில், இடுப்புக்குக் கீழே, ரோஜா நிறத்தில் பெரிய கறை. சுண்ணாம்பும் காரம்தானே. காஸ்டிக் செய்கிற வேலையை அது செய்திருந்தது.

ஓடிவந்து கத்தினேன். "யோவ், பின்னால செவத்துல பேஞ்சது நீயா?"

"ஆமாங்கய்யா. நீங்கதான நேத்துச் சொன்னீக, ஒரு அவுன்சு போதும்னு. அத பாட்டில்ல விட்டுட்டு மிச்சத்த அங்கன விட்டேன்."

"ஆஸ்பத்திரிச் செவத்தக்கூட விட்டு வைக்கல இந்த மனுசன்" என்றாள் மனைவி.

நான் சொன்னது மிதவைக்கு. சாயத்துக்குக் கடைசிச் சொட்டுவரை வேண்டும். அதை அவரிடம் சொல்லாத முட்டாள் நான்தான். டாக்டரை அழைத்துப்போய்ச் சுவரைக் காட்டினேன். குனிந்து வெகுநேரம் பார்த்தார். "இதுக்குப் பத்துல எத்தன பங்கு போடலாம் கம்பவுண்டர்?" என்றார்.

இரண்டு நாள் கழித்து மறுபடி சாயம் ஏற்றினோம். பாட்டிலோடு நானே பக்கத்தில் நின்றேன். பாதியைத் தாண்டியது. கல்லை எடுத்தார்கள். கோலிக்குண்டு அளவு.

எந்தச் சோதனையை நம்புவது என்று லேப் பையன்கள் கேட்கிறார்கள். இரண்டும் நல்ல சோதனைதான். ஒத்துவராவிட்டால் ஒன்றைத் தூக்கி எறியாதே. நோயாளியிடம் போய், நாம் என்ன சொன்னோம், அவர் என்ன செய்தார் என்று கேள். நான் முதலில் கேட்கவில்லை. அந்தச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்காமல் இருந்திருந்தால், சின்னச்சாமியைக் கல்லோடு ஓடைப்பட்டிக்குச் சாக அனுப்பியிருப்பேன்.